அடிக்கு ஐந்து மில்லிமீற்றர்

1.

ஏமாற்றிவிட்டாள் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது. அதனால் இந்தக் கதையின் பூர்வீகத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சிவலட்சுமி அக்காவின் குசினிக் கதவு சரியாகச் சாத்துப்படவில்லை. அதுதான் பூர்வீகம்.

"படிச்ச பிள்ளை செய்த கதவெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன். இப்ப நாய் வந்து கறிச்சட்டியை நக்கிப்போட்டுப் போகுது."

"நாய்க்குக் கதவு பிடிச்சிருக்கு அக்கா."

"வாய்க்குத்தான்டி உனக்குப் பட்டம் தந்தவங்கள்!"

நான் யதுர்ஷிகா. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். வேலை கிடைக்கவில்லை, விசுவமடுவில் எங்கள் காணியிலேயே கொட்டில் போட்டுத் தச்சுவேலை செய்கிறேன். என் பட்டத்துக்கு நானே சட்டம் செய்து மாட்டினேன். அதுவும் கோணல்.

2.

கோணலுக்குக் காரணம் அச்சு. ஓர் அடிப்பலகை, அதன்மேல் குறுக்காகத் திருகாணியால் இறுக்கிய ஓர் அடி நீளக் கட்டை. மரத்தைக் கட்டையோடு ஒட்டவைத்து மரவாளை ஓட்டினால் வெட்டு மூலைமட்டமாக, சரி செங்கோணத்தில், விழவேண்டும். விழாது. ஓர் அடிக்கு ஐந்து மில்லிமீற்றர் இடப்பக்கம் சாயும்.

அச்சைச் செய்தவன் என் அண்ணா ரஜிதன்.

[இந்த வசனத்தோடு நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். வன்னி, அண்ணா, இறந்தகாலம். எழுத்துப் பட்டறைக்கு வந்த ஒருவர் என்னிடம், "உங்கட வலியை எழுதுங்கோ" என்றார். நான் கதவைப் பற்றி எழுதுகிறேன்.]

3.

கைவிட்ட தொடக்கங்கள்:

'2009 தை மாதத்து மழையில் அண்ணா இரண்டு குழிகள் வெட்டினான். அந்த மழை எங்கள்…' (மழை அழுததாக எழுதப் பார்த்தேன். வெட்கம்.)

'புதைத்ததெல்லாம் முளைப்பதில்லை…' (இதைச் சொல்ல நான் யார்?)

நடந்தது இதுதான். இடம்பெயரும்போது எல்லாரும் கொண்டுபோக முடியாததைப் புதைத்துவிட்டுப் போனார்கள். அண்ணா வீட்டோரக் குழியில் தச்சுச் சாமான்களை, கடைசியாக இந்த அச்சை, வைத்து மூடினான். தூரத்துக் குழி அம்மாவின் தையல் மெசினுக்கு. அன்று எங்களை ஏற்றிப்போக வந்த உழவு இயந்திரக்காரர் அவசரப்படுத்தியதால் அது வெறுமையாகவே கிடந்தது. இரண்டு நாள் கழித்து, வீட்டில் விட்டுவந்த மெசினைப் புதைத்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளில் திரும்பிப் போனான். வரவில்லை. அன்றைக்கு எங்கள் காணிப் பக்கம் முழுக்க ஷெல் விழுந்தது.

2011இல் திரும்பி வந்தோம். வீடு இல்லை, அத்திவாரம் இருந்தது. முதல் குழி சாமான்களோடு அகப்பட்டது. இரண்டாவதுக்கு அண்ணா அம்மாவிடம் சொல்லிவைத்த கணக்கு: அத்திவாரத்தின் கிழக்கு மூலையிலிருந்து, சுவருக்கு மூலைமட்டமாக, நூற்றைம்பது அடி. மேசன் பரமலிங்கம் மாமா தன் மூலைமட்டத்தைப் பிடித்து, மூன்றடி அகலத்தில் கிண்டினார். ஒன்றுமில்லை.

"இன்னும் கொஞ்சம் அகட்டிப் பாப்பமே தங்கச்சி?"

"வேண்டாம் அண்ணை. இல்லையெண்டா இல்லை. மூடுங்கோ," என்றார் அம்மா.

மெசின் இல்லையென்றால் அண்ணா காணிக்கு வந்துசேரவில்லை. வரவில்லையென்றால் அந்த ஷெல்லுக்குள் அவன் இல்லை. வழியில் யாரோ பிடித்திருக்கிறார்கள், எங்கோ இருக்கிறான். அம்மா பதினைந்து வருடமாக அந்த வெறுங்குழியின்மேல்தான் உயிரோடிருக்கிறார்.

4.

சிவலட்சுமி அக்கா ஏசிவிட்டுப் போன அன்றே அச்சைத் திருத்தினேன். திருகாணியைத் தளர்த்தி, கட்டையைத் தட்டி, மூலைமட்டத்தோடு சேர்த்து இறுக்கினேன். இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைப் புரட்டிப்போட்டு முகத்தோடு முகம் வைத்தேன். இடையில் வெளிச்சம் தெரியவில்லை.

மறுநாள் காலை அளந்தேன். ஐந்து மில்லிமீற்றர். இடப்பக்கம்.

மறுபடி திருத்தி, பசையும் ஆணியும் சேர்த்தேன். காலையில் ஆணி ஆணியாகவே இருந்தது. ஐந்து மில்லிமீற்றர்.

மூன்றாம் நாள் அந்தக் கட்டையையே கழற்றி அடுப்பில் வைத்தேன். புதுத் தேக்கில் புதுக்கட்டை. பின்னேரம் நிலமெல்லாம் மரத்தூள் பரப்பி, கொட்டிலைப் பூட்டி, திறப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். காலையில் தூளில் ஒரு காலடி இல்லை. ஓர் எறும்பின் கோடு மட்டும். கட்டை சாய்ந்திருந்தது. ஐந்து.

[மரம் ஈரத்துக்கு வளையும் என்று உங்களில் ஒருவர் சொல்வீர்கள். வளையும். எரித்த கட்டையின் கோணத்துக்கே புதுக்கட்டையும் வளையுமா? சொல்லிப் பாருங்கள்.]

5.

இந்த இடத்தில் அம்மாவைச் சந்தேகித்தேன். கதாசிரியைக்கு அது வசதி: சோகமான தாய், திருட்டுத் திறப்பு, விளக்கம் முடிந்தது. குசினிக்குப் போய்க் கேட்டேன்.

"நீங்களே அச்சைத் திருப்பித் திருப்பி வைக்கிறது?"

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "முழங்கால் நோவோட நான் உன்ர கொட்டிலுக்கு ஏன் வாறன்? விசரே உனக்கு?" துருவல் நின்றது. "அதை ஏன் திருத்துறாய்? அவன் வைச்சபடி கிடக்கட்டுமன்."

"கோணலம்மா."

"அவன்ரை கை கோணாது."

"அம்மா, அண்ணா குழிக்கு மட்டம் பிடிச்சது எதாலை?"

கேட்டது நான்தான். ஆனால் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. குழி வெட்டிய அன்று எனக்கு ஒன்பது வயது. நூலின் ஒரு முனை என் கையில். அண்ணா அத்திவாரத்துச் சுவரோடு அச்சின் அடிப்பலகையை ஒட்டவைத்து, கட்டை காட்டிய பக்கம் நூலை ஓடவிட்டான். "இறுக்கிப் பிடி யது. இந்தக் கட்டை பாக்கிற பக்கம் நேர நட."

நடந்தேன். நேராக என்று நினைத்து.

அடிக்கு ஐந்து மில்லிமீற்றர் என்றால் நூற்றைம்பது அடிக்கு இரண்டரை அடி. மாமாவின் குழி நடுவிலிருந்து ஒன்றரை அடிதான் போனது. அண்ணாவின் ஒன்றரை அடி அகலக் குழி ஒன்றேமுக்கால் அடியில் தொடங்கும். இடையில் மூன்று அங்குல மண். அம்மா "மூடுங்கோ" என்றபோது மாமா கிண்டிய அலவாங்கு அந்த மூன்று அங்குலத்தில்தான் நின்றிருக்கிறது.

கணக்கைக் காட்டினேன். அம்மா பார்க்கவில்லை. தேங்காய்ப்பூவை இரண்டு தரம் கழுவினார். தேங்காய்ப்பூவை யாரும் கழுவுவதில்லை.

6.

முடிவுகள். முதலாவது: கிண்டினேன், மெசின் இருந்தது, துருவேறி, அண்ணாவின் சாரத்துண்டில் சுற்றியபடி. அம்மா… (அம்மாவை விழுத்தினேன். பிறகு எழுப்பத் தெரியவில்லை. வெட்டிவிட்டேன்.)

இரண்டாவது: கிண்டினேன், வெறுமை. (இதை எழுதும்போது எனக்கே நிம்மதியாக இருந்தது. அதனாலேயே நம்பவில்லை.)

மூன்றாவது: கிண்டினேன், மெசின் மட்டுமல்ல,

இல்லை.

உண்மையில் செய்தது: சாய்ந்த அச்சை அத்திவாரத்தோடு வைத்து நூல் கட்டினேன். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாததால் நானே நடந்துபோய் முளை அடித்தேன். திரும்பிப் பார்த்தபோது அம்மா கிழக்கு மூலையில், முழங்கால் நோவோடு, அச்சு அசையாமல் இரண்டு கையாலும் அமர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கதை எழுதுறியாமே," என்றார். "சிவலட்சுமி சொன்னவ."

"ஓம்."

"குழி வெறுமை எண்டு எழுது."

"கிண்டாமல் எப்பிடியம்மா எழுதுறது?"

"கதைதானேடி. கதைக்கு எதுக்கு அலவாங்கு?"

நான் நூலைச் சுற்றி எடுத்தேன், முளையை விட்டுவிட்டேன்.

7.

முளை அடித்த மறுநாள் காலை அச்சை அளந்தேன். மூலைமட்டம். நான் கை வைக்கவில்லை. திருகாணி தளர்த்தவில்லை. அதற்கடுத்த நாளும் மூலைமட்டம். இன்றைக்குப் பத்தொன்பது நாள். காட்டவேண்டியதைக் காட்டி முடித்த கை மாதிரி நேராகக் கிடக்கிறது. அதில் வெட்டிய புதுக்கதவு சிவலட்சுமி அக்காவின் குசினியில் ஓசையில்லாமல் சாத்துப்படுகிறது.

ஆகவே இனி அந்தக் கோணம் எந்த மரத்திலும் இல்லை. முளையில் இருக்கிறது, இந்தத் தாளில் இருக்கிறது. நேற்று முளையைக் காணவில்லை. அம்மா அடுப்படியில் மண் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

முடிவு எழுதச் சொல்லி என்னைக் கேட்காதீர்கள். வேண்டுமென்றால் அலவாங்கோடு வாருங்கள், அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நீங்களே கிண்டுங்கள். அத்திவாரத்தின் கிழக்கு மூலை. நூற்றைம்பது அடி. இடப்பக்கம் இரண்டரை அடி.