மட்கார்டு இல்லை, ஃபெண்டர்

அக்கா வீட்டுக்காரரைத் தெருவே கேப்டன் என்று கூப்பிடும். கப்பலும் கிடையாது, படையும் கிடையாது; காகிதக் கிடங்கு ஒன்றில் மேலாளர். தொப்பி ஒன்று உண்டு. காடுமேடு ஏறுவதற்கென்றே செய்த ஜீப் ஒன்றும் உண்டு. நாலு வருடத்தில் அது ஏறிய ஆகப்பெரிய மேடு கடைத்தெரு வேகத்தடை.

அப்படிப்பட்டவர் மலைப்பாதை சங்கத்தில் சேர்ந்துவிட்டார். சனிக்கிழமை முதல் பயணம். சங்கத்து ஜீப்புகளில் எல்லாம் சக்கரத்துக்கு மேலே இருக்கும் கம்பெனி பிளாஸ்டிக்கைக் கழற்றி எறிந்துவிட்டு இரும்பு ஃபெண்டர் மாட்டியிருந்தார்கள். அதுவும் அவரவர் வீட்டில், அவரவர் கையால். அதுதான் அங்கே கௌரவம். கேப்டன் கை ஸ்பேனர் பிடித்த கையல்ல. அதற்குத்தான் அக்காவின் தம்பி, மைத்துனன் இருக்கிறானே.

மைத்துனன் லிஃப்ட் மெக்கானிக். பதினொரு வருடமாக மேலே போய்க் கீழே வருகிறான். எத்தனை மாடி ஏறினாலும் கண்ணில் படுவது சுவர்தான். மலையை ஒரு தடவையாவது ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்கு அப்படி ஓர் ஆசை. "மாட்டிக் குடு மாப்ள, என் பக்கத்து சீட்டு உனக்குத்தான்" என்று கேப்டன் சொன்னதுதான் தாமதம், லீவு எழுதிக் கொடுத்துவிட்டு புதன்கிழமை காலையில் டிரில்லோடு வந்து நின்றான்.

"பழைய மட்கார்டைக் கழட்டிட்டேன் மாமா."

"மட்கார்டுங்காத மாப்ள. சைக்கிளுக்குத்தான் மட்கார்டு. இது ஃபெண்டர்."

"சரி, அந்த ஃபெண்டரைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

"எனக்கு முதுகுவலின்னு உனக்குத் தெரியாதா?"

எல்லா போல்ட்டையும் தளர்வாக மாட்டி, மட்டம் பார்த்து, கடைசியில்தான் முறுக்க வேண்டும். மைத்துனன் டீ குடிக்க உள்ளே போன நேரம் பார்த்து, கேப்டன் வீடியோவுக்காக முதல் போல்ட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கு முறுக்கென்று முறுக்கிவிட்டார். முகம் அருமையாகப் பதிவானது. தகடும் அருமையாக வளைந்தது. தட்டி நிமிர்த்திய பிறகும் இரண்டு ஓட்டைகள் பொருந்தவே மாட்டேன் என்றன. மைத்துனன் வட்ட அரத்தை எடுத்து அரை நாள் இழைத்து வழிக்குக் கொண்டுவந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்த்தான். டயர் எங்கும் உரசவில்லை. அவன் விரல் முட்டிகளில்தான் தோல் இல்லை.

சனிக்கிழமை காலை சங்கத் தலைவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். அவர் வண்டி பழுதாம். கையிலிருந்த பையை ஜீப்பின் முன் இருக்கையில் வைத்தார். தெரியாமல் வைக்கிறார் போலிருக்கிறது என்று மைத்துனன் நினைத்துக்கொண்டான். பின்னால் கூடாரமும் தண்ணீர் கேன்களும் கூரை முட்ட அடைத்திருந்தன.

"யாரு மாட்டினது?" என்றார் தலைவர்.

"நானேதான் சார்" என்றார் கேப்டன்.

"மூணு நாளா இவருக்குச் சோறு தண்ணி இல்லைங்க" என்றாள் அக்கா.

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அக்கா பூந்தொட்டியைப் பார்த்தாள்.

தலைவர் விவரமானவர். குனிந்து, ஃபெண்டருக்கு அடியில் விரலை விட்டுத் தடவினார். "இந்த ரெண்டு ஓட்டை மட்டும் நீளமா இருக்கே, என்ன பண்ணீங்க?"

கேப்டன் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார். "அது வந்து சார்... அது ஒரு டெக்னிக்..." கண் மைத்துனன் பக்கம் ஓடியது. அவன் வாயைத் திறந்தால் மானம் கப்பலேறிவிடும். அக்காவின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"மாமாதான் சார் அரத்தால இழைச்சாரு" என்றான். "நான் டார்ச் அடிச்சேன்."

"பரவாயில்லையே, அசிஸ்டென்ட் வேறயா!" தலைவர் அவன் தோளைத் தட்டிவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

கேப்டன் ஜன்னலில் தலையை நீட்டினார். "தலைவர் கேட்டா எப்படிடா மாட்டேங்கறது? நீ நம்ம வீட்டு ஆளு, உனக்கென்ன அவசரம்? அடுத்த தடவை பாத்துக்கலாம். கேட்டைச் சாத்திடு."

சாத்தினான்.

"உள்ள வாடா, சாப்பிடலாம்" என்றாள் அக்கா.

"அந்த ஆளு வர்றது உனக்கு எப்பத் தெரியும்க்கா?"

"இப்ப எதுக்குடா அதெல்லாம்?"

"எப்ப?"

அக்கா தரையில் சிதறிக் கிடந்த பிளாஸ்டிக் கிளிப்புகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். "உங்க மாமா திங்கக்கிழமையே சொன்னாரு. உங்கிட்ட சொன்னா நீ வரமாட்டேன்னுதான்..."

மைத்துனன் டிரில்லைப் பையில் போட்டான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் பண்ணி, "மலையில குளிரும்டா, ஸ்வெட்டர் எடுத்துட்டு வா" என்று சொன்னவள் அக்காதான்.