பன்னிரண்டு பாட்டில் தண்ணீர்

1

வேறொரு செய்திக்காகப் போன இடத்தில் இந்தக் கதை கிடைத்தது. ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவில் ரசாயனத் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு காலனி. அங்கே தண்ணீர் லாரி வருவது நின்றுபோயிருந்தது. நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்டு எலிசபெத் வெளியே வந்தாள்.

"அண்ணா, இங்கிலீஷ்ல நாலு வரி எழுதித் தரணும்."

அந்த நாலு வரியை இன்னும் எழுதவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "நிலத்தடி நீரை ஆராய வியட்நாமிலிருந்து வந்த மாணவி லின், ஹைதராபாத் மக்களின் விருந்தோம்பலில் நெகிழ்ந்து"

(நிறுத்திவிட்டேன். நெகிழ்ந்தது உண்மைதான். ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் புன்னகையோடு உள்ளே வருவீர்கள்.)

இரண்டாவது: "போர்வெல் தண்ணீர் மஞ்சளாக வந்தது."

இது இருக்கட்டும்.

லின் ஆறு வாரம் எலிசபெத்தின் முன்னறையில் தங்கினாள். ரசம் சாதமும் கருவாடும் சாப்பிட்டாள். 'அக்கா' என்று கூப்பிடக் கற்றுக்கொண்டாள். 'வேண்டாம்' என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் 'நக்கோ'வையும் கற்றுக்கொண்டாள். காய்ச்சல் வந்தபோது எதிர்வீட்டுப் பிந்து கஞ்சி கொண்டுவந்தாள். எலிசபெத்தின் கணவர் சூசைராஜ் நைட் ஷிப்ட் முடித்துவந்த கையோடு ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனார். வாடகை என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை.

ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கையில் லின்னால் காய்ச்சலில் எழுந்திருக்க முடியவில்லை. பன்னிரண்டு பழுப்பு பாட்டில்களை எலிசபெத்திடம் கொடுத்து, பன்னிரண்டு வீட்டு போர் தண்ணீரைப் பிடித்துவரச் சொன்னாள். அவளுடைய பல்கலைக்கழகச் சோதனைக்கூடத்துக்குப் போக வேண்டியவை அவைதான்.

3

அன்று தண்ணீர் வழக்கத்தைவிட மோசம். எலிசபெத் முதல் பாட்டிலைப் பிடித்தாள், முகர்ந்தாள், கொட்டினாள். பன்னிரண்டையும் சோப்புப் போட்டுக் கழுவி, மாடியில் காயவைத்து, குடிக்க வாங்கிவைத்திருந்த கேன் தண்ணீரை ஊற்றி மூடினாள்.

சூசைராஜ் பார்த்துவிட்டார்.

"கைக்கு, எதுக்கு இப்படிச் செஞ்சே?"

"வீட்டுக்கு வந்த பொண்ணுங்க. நாத்தத் தண்ணியையா கொடுத்தனுப்புவாங்க? அவங்கம்மா பாத்தா நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"தண்ணியை அம்மாகிட்ட காட்டவா அந்தப் பொண்ணு பிளேன் ஏறிப் போகுது?"

"ஹவ், ஆமா, காட்டும். நீங்க போய்த் தூங்குங்க."

பாட்டில்களோடு ஒரு டப்பா முறுக்கும் போனது.

4

இந்த இடத்தில் எலிசபெத் மீது எனக்குச் சந்தேகம் வந்தது. ஆறு வாரம் அந்தப் பெண்ணோடு போர் போராக அலைந்தவள். எதற்கு என்று புரியாமலா இருக்கும்? கதாபாத்திரத்தைத் திருத்திவிடலாமா, கம்பெனி ஆள் மிரட்டினான் என்று எழுதலாமா என்று யோசித்தேன். அப்படி எழுதினால் எல்லாருக்கும் நிம்மதி. எனக்கும்தான்.

பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. நான் காலனிக்குப் போன அன்று அவள் எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். தெளிந்த தண்ணீர். லாரி நின்று ஒரு மாதமாகியிருந்தது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் குடித்தேன். கேன் காலி. அடுப்பில் அவர்களுக்கான போர் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. (கொதிக்கவைத்தால் ரசாயனம் போகாது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.)

அவளைத் திருத்தவில்லை.

5

மீதியைச் செய்தி நடையில் சொல்லிவிடுகிறேன். லின்னின் ஆய்வு, காலனித் தண்ணீர் குடிக்கத் தக்கது என்றது. கம்பெனி வக்கீல் அதை இணையத்தில் கண்டெடுத்து, தண்ணீர் கெட்டதற்காகக் காலனிக்காரர்கள் போட்டிருந்த வழக்கில் தாக்கல் செய்தார். போர் தண்ணீரே நல்லது என்றானதும் லாரி நின்றது. காலனியின் வக்கீல் சொல்கிறார்: "மாதிரி தவறு என்று அந்தப் பெண்ணே எழுதிக்கொடுத்தால் மறுசோதனைக்கு உத்தரவு வாங்கலாம். இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும்." எழுதிக்கொடுத்தால் லின்னின் பட்டம் போகும். அதை நம்பிக் கிடைத்த வேலையும் போகும்.

பிந்துவுக்கு இப்போது எட்டாம் மாதம். தினமும் வாசலில் நின்று லாரி எப்போது வரும் என்று எலிசபெத்திடம்தான் கேட்கிறாள். எலிசபெத் அவளிடம் எதையும் சொல்லவில்லை.

6

முடிவு ஒன்று: எலிசபெத் சொல்லிவிடுகிறாள், லின் மன்னிக்கிறாள், லாரி வருகிறது. (இப்படி முடிந்த எதையும் நான் நேரில் பார்த்ததில்லை.)

முடிவு இரண்டு: எலிசபெத் வாயைத் திறப்பதில்லை. பிந்துவுக்குக் குழந்தை பிறக்கிற

இல்லை. அந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

7

எலிசபெத்தின் போனில் லின்னின் குரல் பதிவு ஒன்று இருக்கிறது. எனக்குப் போட்டுக் காட்டினாள். முறுக்கு தின்றுகொண்டே பேசியிருக்கிறாள் போல.

"அக்கா, பானி அச்சா. வெரி குட். டர்னா நக்கோ. பீயோ, பீயோ."

தண்ணீர் நல்லது, பயப்படாதே, குடி என்கிறாள். எலிசபெத் இரண்டாம் முறையும் கேட்டுவிட்டுப் போனை என் கையில் வைத்தாள்.

"அது மனசு நோகாம எழுதுங்கண்ணா."

அப்படி ஓர் ஆங்கிலம் எனக்குத் தெரியாது. நாளை வருகிறேன் என்று சொல்லி அல்வாலில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பினேன். பதினோரு நாளாகிறது. இந்தக் கதையை ஆறு முறை திருத்திவிட்டேன். லின்னுக்கான அந்த நாலு வரி மட்டும் இன்னும் இங்கேதான் நிற்கிறது. உங்களால் முடிந்தால் முடித்துக் கொடுங்கள்:

"அன்புள்ள லின், நீ கொண்டுபோன தண்ணீர்