பெல்ட்டுக்கு அந்தப் பக்கத்துப் பானை

“பானை அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம். நடுவுல பெல்ட் ஓடிக்கினே கீது. தாகம் எடுத்தா இன்னா பண்ணுவே, வஜீ?”

வடக்கே நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து லீவில் வந்திருந்த அண்ணன் கலீமுல்லா இப்படித்தான் கேட்டான். வஜீஹாவின் மடியில் அவனுடைய பைஜாமா கிடந்தது. ஆணி கிழித்தது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தான். பள்ளிக்கூடம் நின்றதிலிருந்து ஊசியும் நூலுமாகவே இருப்பவளிடம் அந்தப் பொய் செல்லவில்லை. கால்பக்கத்துத் துணியை எதுவோ கவ்வி இழுத்திருந்தது.

பூமிக்கடியில் ரப்பர் பட்டை ஒன்று கரியைச் சுமந்துகொண்டு நிற்காமல் ஓடும் என்றான். தாண்ட மரப்பாலம் உண்டாம், ஆனால் கோடியில். அவ்வளவு தூரம் யார் நடப்பது? எல்லாரும் குதித்துத்தான் போகிறார்கள். ஒரு நாள் அவன் குதித்தபோது பெல்ட் பைஜாமாவைக் கவ்வியது; துணி கிழிந்ததால் கால் தப்பியது.

இந்துக்களின் தண்ணீர்ப் பானை கலீமுல்லா வேலை செய்யும் பக்கத்திலேயே இருந்தது. முஸ்லிம்களுக்குத் தனிப் பானை வேண்டுமென்று சண்டை போட்டு வாங்கியதே கலீமுல்லாவும் கூட்டாளிகளும்தான். தள்ளி வைக்கக் கிடைத்த இடம் பெல்ட்டுக்கு அந்தப் பக்கம்.

வஜீஹா தையலிலிருந்து தலை நிமிரவில்லை. “பானைய இந்தப் பக்கம் எடுத்தாந்து வெச்சிடுங்க, பாய்ஜான்.”

“அவங்க பானைக்குப் பக்கத்துலயா? கேட்டு வாங்கினு, இப்போ நாங்களே தூக்கினு வந்தா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். அது வரைக்கும் பாலத்து மேலயே நடங்க. குதிக்கமாட்டேன்னு சொல்லுங்க.”

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொம்பளைப் பிள்ளை தனக்கு வழி சொல்வதா என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போனான். லீவு முடியும்வரை அவளோடு பேசவில்லை. வஜீஹாவும் வற்புறுத்தவில்லை. கிழிசலை ஒட்டுப்போட்டு, பெல்ட் கவ்வ இடமில்லாதபடி இரண்டு கால்களையும் கணுக்காலருகே இறுக்கிப் பிடித்துத் தைத்தாள்.

புறப்படும் காலையில் அவன் அதையே போட்டுக்கொண்டான். அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு படியிறங்கினான். அவள் ஜன்னலருகே நின்றாள். லஸ் பக்கமிருந்து டிராம் மணியடித்துக்கொண்டு வந்தது. சின்ன வயதிலிருந்து, வருகிற டிராமுக்கு முன்னால் ஓடித் தாண்டி, அந்தப் பக்கம் போய் ஜன்னலைப் பார்த்துச் சிரிப்பது அவன் வழக்கம்.

இன்று தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே நின்றான். டிராம் முழுதும் கடந்து போகக் காத்திருந்தான். பிறகு பெட்டியைத் தோளில் ஏற்றி, நிதானமாக நடந்து தாண்டிப் போனான்.