ஈர அறையில் மூன்று லென்ஸ்

சலவைக்கூடத்தில் அவனை எல்லோரும் ‘ஒத்தக்கண்ணன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டு கண்ணும் அவனுக்கு நன்றாகவே இருந்தன. எதைப் பார்த்தாலும் இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு வலது கண்ணால் அளவெடுப்பது அவன் பழக்கம், அவ்வளவுதான். விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் கொடுக்கும்போதுகூட அப்படித்தான் பார்ப்பான். “போட்டோ புடிச்சது போதும், துணியைத் தள்ளுய்யா” என்று மேற்பார்வையாளர் கத்துவார்.

அவனும் மனைவியும் குடியிருந்தது அதே கட்டடத்தின் மாடியில், கொதிகலனுக்கு நேர் மேலே. அறைச் சுவரை ஒட்டி நீராவிக் குழாய் ஒன்று ஏறிப் போனது. இலவசமாகக் கொடுத்தால்கூட வேண்டாம் என்று மற்றவர்கள் ஓடிய அறை அது. அதனால் வாடகை குறைவு. அப்படி மிச்சம் பிடித்ததில்தான் அவன் லென்ஸ் வாங்கினான்.

அந்த ஆசையைக் கிளப்பிவிட்டவர் கடைத்தெரு ஸ்டுடியோக்காரர். அவன் எடுத்த படங்களை ஒருநாள் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உனக்குக் கை இருக்குப்பா. ஆனா என் சாமானை நான் யார்கிட்டயும் குடுக்கறதில்ல. அகலமா எடுக்க ஒண்ணு, முகத்துக்கு ஒண்ணு, தூரத்துக்கு ஒண்ணுன்னு மூணு லென்ஸ் சொந்தமா சேத்துக்கிட்டு வா. வேலை உனக்குத்தான்.”

புது லென்ஸின் விலையைக் கேட்டாலே தலை சுற்றியது. பழைய சாமான் கடையில் அந்தக் காலத்து லென்ஸ்கள் கிடைத்தன. கையால் திருகித் தெளிவு கூட்ட வேண்டும். ஒரு வளையத்தை இடையில் மாட்டினால் அவனுடைய கேமராவிலும் பொருந்தும். முகத்துக்கானது முதலில் வந்தது. அகலமானதற்கு இரண்டு வருடம் பிடித்தது. விளிம்பு நசுங்கிய நீள லென்ஸை, வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தான். ஒவ்வொன்றையும் அதனதன் தோல் உறையில் போட்டு, துணி சுற்றி, அலமாரியின் அடித்தட்டில் வைத்தான். வெளியே எடுத்தால் தூசு படும் என்று ஆசைக்குக்கூடத் தொடமாட்டான்.

“ஒரு சக்களத்தி வந்தாலே தாங்காது. எனக்கு மூணு பேரு!” என்று மனைவி சிரிப்பாள். அவளுக்கும் கீழேதான் வேலை, துணி மடிக்கும் மேசையில். குளிர்காலத்துக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்க வேண்டும் என்று அவள் சொல்லிச் சொல்லி, பிறகு சொல்வதையே விட்டுவிட்டாள்.

மூன்றும் சேர்ந்த வாரமே அவன் விடுப்புப் போட்டு, சவரம் செய்து, நல்ல சட்டை மாட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனான். ஸ்டுடியோக்காரர் ஒவ்வொரு லென்ஸாக எடுத்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்த்தார். முதல் லென்ஸிலேயே அவர் முகம் மாறியது. மூன்றையும் பார்த்து முடித்துவிட்டு அவனிடம் நீட்டினார்.

“நீயே பாரு.”

உள்ளே, கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில், வெள்ளை நூல் நூலாக ஏதோ படர்ந்திருந்தது. மரத்தின் வேர் போலக் கிளை விட்டிருந்தது.

“பூஞ்சை. எங்க வச்சிருந்தே?”

“தோல் உறையில போட்டு… அலமாரியிலதான் சார்.”

“ஈரத்தை இழுத்துக் கட்டிக்காக்கறதே அந்தத் தோல்தான். இதுக்கு நீ தண்ணித் தொட்டியிலயே போட்டு வச்சிருக்கலாம்.” சற்றுத் தயங்கினார். “தப்பா நினைக்காதே. இதை இங்க வைக்காதே, வெளிய எடுத்துக்கிட்டுப் போயிடு. என் சாமானெல்லாம் பக்கத்துலதான் இருக்கு, அதுலயும் ஒட்டிக்கும்.”

தொற்றுநோய்க்காரனைப் போல அவன் வாசலுக்கு வந்து நின்றான். சுத்தம் செய்ய முடியுமா என்று அங்கிருந்தபடியே கேட்டான். கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிட்டது, செலவு செய்தாலும் தழும்பு போகாது என்றார் அவர். வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, அவனும் கேட்கவில்லை.

மறுநாள் விடுமுறை. மனம் கேட்காமல் அகல லென்ஸை அவனே கழற்ற உட்கார்ந்தான். மனைவி பக்கத்தில் டார்ச் பிடித்தாள். கடைசி வளையத்தைத் திருகும்போது அவளுக்கு இருமல் வந்தது, வெளிச்சம் குலுங்கியது. அவள் வாயைப் பொத்தி அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. குனிந்து இருமினாள். டார்ச் தரையில் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய், சுவரின் மீது வெளிச்சத்தை அடித்தது.

எடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றான். அவள் தலைமாட்டுச் சுவரின் கீழ்ப்பகுதி முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் படர்ந்திருந்தது. தலையணை உயரம் வரை ஏறியிருந்தது.

“இந்த இருமல் உனக்கு எப்போலேருந்து?”

“தெரியலைங்க. ரொம்ப நாளா இருக்கு. துணித் தூசுன்னு நெனச்சேன்.”

“எங்கிட்ட சொல்லக் கூடாதா?”

“தினமும் பக்கத்துலதானே படுத்திருக்கீங்க,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

கழற்றிய லென்ஸை அவனால் திரும்பப் பூட்ட முடியவில்லை. அந்த மாதம் முழுக்க அவன் வேறு அறை தேடி அலைந்தான். கையிலிருந்த பணத்துக்குக் கிடைத்தவை எல்லாம் ஒன்று ஊருக்கு வெளியே இருந்தன, இல்லையென்றால் இதைவிட மோசமாக இருந்தன. சம்பளத்தில் முன்பணம் கேட்டதற்கு, “அந்த ரூமுக்கு வேற எவனும் வாடகைக்கு வர மாட்டான். மாடியில இருக்கற வரைக்கும்தான் உனக்கு இந்த வேலை, மறந்துடாதே” என்றார் மேற்பார்வையாளர்.

கடைசியில் மிச்சமிருந்த லென்ஸ்களையாவது விற்றுவிடலாம் என்று பழைய சாமான் கடைக்குப் போனான். கடைக்காரர் தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, லென்ஸ்களை அவன் பக்கமே தள்ளினார். உறைகளை மட்டும் முகர்ந்து பார்த்தார். “இது நல்ல தோலு. இதை எடுத்துக்கறேன்.”

சட்டைப் பைகளில் லென்ஸைத் திணித்துக்கொண்டு அவன் வீடு திரும்பினான்.

“என்ன ஆச்சுங்க?”

“உறையை மட்டும் வாங்கிக்கிட்டான்.”

அவள் சிரித்துவிட்டாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிப்பு இருமலாக மாறி, நிற்காமல் போனபோது, அவன் எழுந்து கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தான். அவள் மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாக அதை எதிர்ச் சுவருக்கு இழுத்துப் போட்டார்கள்.

அவன் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். ஈரம் சில்லென்று ஒட்டியது.

“இந்தப் பக்கம் காஞ்சிருக்கு,” என்றான்.

அவளும் கையை வைத்துப் பார்த்தாள்.

“ஆமாங்க,” என்று சொல்லி, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, விரிப்பை உதறிப் போட்டாள்.