பழக்கமே இல்லாத ஒரே மனிதர்

மனிதகுலம் தோன்றிய நாளிலிருந்து இன்று காலை ஒன்பதரை மணிவரை, பழக்கம் என்ற ஒன்றின் பிடியில் சிக்காமல் தப்பித்தவர் ஒரே ஒருவர்தான். ஆங்கில-தமிழ் அகராதி தயாராகும் அலுவலகத்தில், இரண்டாம் மாடியில், சன்னலோர மேசையில் அவர் வேலை பார்க்கிறார். இந்த உண்மையை உலகத்துக்கு அறிவித்தவரும் அவரேதான்.

அலுவலகத்தில் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். எந்தப் பேச்சையும் “அவ்வளவுதான், மேற்கொண்டு பேச ஒண்ணுமில்ல” என்று முடித்து வைப்பதால் வந்த பெயர். அதைப் பழக்கம் என்று சொல்லக் கூடாது. கொள்கையாம்.

அறிவிப்புக்குக் காரணம் ‘ஹேபிட்’ என்ற சொல். எச் எழுத்து முழுக்கத் தயார். இந்த ஒரு சொல் மட்டும் தொண்டையில் மாட்டிய முள்ளாக நின்றது. “பழக்கம், வழக்கம்” என்று முற்றுப்புள்ளி எழுதிக் கொடுத்ததை ஆசிரியர் மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாம் முறை சிவப்பு மையில் குறிப்பும் இருந்தது: “இரண்டும் ஒன்றா? ஒன்று என்றால் எதற்கு இரண்டு? நாலு மணிக்குள் வராவிட்டால் இந்தச் சொல்லை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன்.”

இருபது வருடமாகச் சொற்களோடு குடித்தனம் நடத்துகிறவரிடமிருந்து ஒரு சொல்லைப் பிடுங்கிக் கொடுப்பதா? முற்றுப்புள்ளிக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது.

“எனக்கு எப்படிக்கா வரும்?” என்றார், எதிர்மேசையில் பிழை திருத்தும் ப்ரூஃப் அக்காவிடம். “எனக்குன்னு ஒரு பழக்கம் உண்டா? காபி, வெத்தலை, நகம் கடிக்கிறது, எதுவும் கிடையாது. பழக்கமே இல்லாதவன்கிட்ட பழக்கத்துக்கு அர்த்தம் கேட்டா, மீனைக் கூப்பிட்டு குடை எப்படின்னு விசாரிச்ச மாதிரிதான்.”

பிழை பார்த்து முடித்த தாளைக் கையில் தூக்கி, அக்கா அதன்மேல் “ஃபூ” என்று ஒரு ஊது ஊதிவிட்டு அடுக்கில் வைத்தார்.

“இதோ! இதுக்குப் பேருதான் பழக்கம்” என்று துள்ளினார் முற்றுப்புள்ளி. “லேசர் பிரிண்டர்ல வந்த தாள்க்கா அது. பொறக்கும்போதே காய்ஞ்சு பொறந்த மை. அதைப் போய் ஊதுறீங்களே, அதுக்கு ஜலதோஷம் பிடிச்சிடப் போகுது.”

“நான் முதல்ல வேலை பார்த்த இடத்துல மை ஈரமா வரும் தம்பி. வாய் மறக்க மாட்டேங்குது.” அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கினார். “சரி, ஒரு பந்தயம். நாலு மணிக்குள்ள உங்ககிட்ட ஒரு பழக்கத்தை நான் பிடிச்சிட்டா, அந்தச் சொல்லுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் உங்களைப் பத்திதான். பிடிக்கலைன்னா என் ஊதலைப் போட்டுக்குங்க.”

அகராதியில் ஒரு வாக்கியம் ஏறிவிட்டால் இறங்காது. பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். முற்றுப்புள்ளி நிமிர்ந்து உட்கார்ந்து “சரி” என்றார். அதற்கு முன்னால் எழுந்து, கைக்குட்டையால் நாற்காலியை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

“பிடிச்சாச்சு.”

“எதை?”

“நாற்காலியை. காலையிலயும் துடைச்சீங்க. நேத்தும் துடைச்சீங்க. அதுல தூசி உக்காரவே பயப்படுது.”

“அது பழக்கம் இல்லக்கா, வழக்கம். எங்க வீட்டுல அப்பா, சித்தப்பா, அத்தை எல்லாருமே துடைச்சிட்டுத்தான் உக்காருவாங்க. ஒருத்தன் தனியா செஞ்சா பழக்கம். ஒரு கூட்டமே செஞ்சா வழக்கம். அவ்வளவுதான், மேற்கொண்டு பேச ஒண்ணுமில்ல.”

அக்கா ஒரு தாளைத் திருப்பிப் போட்டு ஏதோ கிறுக்கினார்.

பதினொன்று அடித்தது. எதிர்க்கடை டீக்காரர் படியேறி வந்து, யாரும் கேட்காமலே முற்றுப்புள்ளியின் மேசையில் ஒரு கிளாஸை வைத்தார். “சாருக்குச் சர்க்கரை கம்மி, ஆடை எடுத்தாச்சு.”

“ஏங்க, சாரை உங்களுக்கு நல்லாத் தெரியுமா?” என்றார் அக்கா.

“என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? பன்னெண்டு வருஷப் பழக்கமாச்சே!”

அக்காவின் பேனா பாய்ந்தது. முற்றுப்புள்ளியும் பாய்ந்தார். “அந்தப் பழக்கம் வேற! அது மனுஷனுக்கு மனுஷன் உள்ள பழக்கம். அதெல்லாம் இந்த இங்கிலீஷ் சொல்லுக்குள்ள அடங்காது.”

“அப்ப தினம் பதினோரு மணிக்கு இந்த டீ?”

“அது வாடிக்கை. விக்கிறவருக்கும் வாங்குறவனுக்கும் நடுவுல உள்ள விஷயம். அதுல என் பங்கு பாதிதான்.”

“மீதி என்னோடதும்மா” என்று சொல்லிவிட்டு டீக்காரர் பெருமையோடு இறங்கிப் போனார்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு முற்றுப்புள்ளியின் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டார். “ம்... ம்... சரி... ம்” என்று இவர் தாளைப் பார்த்தபடியே தாளம் போட்டார். சட்டென்று முகம் மாறியது. மறுமுனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“என்னங்க, நான் பேச்சை நிறுத்தி ஒரு நிமிஷம் ஆச்சு. இன்னும் எதுக்கு ‘ம்’ போடுறீங்க?”

போனை வைத்ததும் அக்காவைப் பார்க்காமலே சொன்னார்: “அது பயிற்சி. வேணும்னு செஞ்சு செஞ்சு கைவந்தது. பழக்கம் தானா வரும், பயிற்சிக்குப் பாடுபடணும்.”

“வாய்வந்ததுன்னு சொல்லுங்க” என்று அக்கா எழுதிக்கொண்டார்.

மூன்று மணிக்கு மேல் முற்றுப்புள்ளிக்கு வியர்த்தது. வெள்ளைத் தாள் வெள்ளையாகவே இருந்தது. அவர் வலது கை அவரைக் கேட்காமல் எழுந்துபோய் காது மடலைப் பிடித்து இழுத்தது. அக்கா எண்ணினார். “ஏழாவது தடவை.”

முற்றுப்புள்ளி கையைக் கீழே இறக்கினார். “அது... பழக்கதோஷம்க்கா” என்றார் தீனமாக. “அறிவு வேண்டாம்னாலும் கை செஞ்சிடுது. தோஷம்னு வந்துட்டா குத்தம் என்னோடது இல்ல, தோஷத்தோடது.”

மூன்றே முக்காலுக்கு அக்கா தாளை நீட்டினார். முற்றுப்புள்ளி படித்தார். ஒருவரிடம் தானாகப் படிவது பழக்கம். கூட்டமாகச் செய்வது வழக்கம். இரு தரப்புக்கு நடுவில் தொடர்வது வாடிக்கை. முயன்று பெறுவது பயிற்சி. வேண்டாம் என்றாலும் விடாதது பழக்கதோஷம். அத்தனையும் அவர் சொன்ன சாக்குகள். அத்தனையும் வரிசையாக, பிசிறில்லாமல் நின்றன. அடியில் எடுத்துக்காட்டு வாக்கியம்: “தனக்கு ஒரு பழக்கமும் இல்லை என்று சொல்வது அவருடைய பழக்கம்.”

“பேர் போடலையேக்கா?”

“அகராதிக்கு ‘அவர்’ போதும் தம்பி. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.”

அக்கா அதைத் தட்டச்சு செய்து அச்செடுத்தார். உள்ளறையில் ஆசிரியர் படித்துவிட்டு முதன்முறையாகச் சிரிக்கும் சத்தம் வெளியே கேட்டது. திரும்பி வந்த தாளில் சிவப்பு மை இல்லை. பச்சையில் ஒரு கையெழுத்து மட்டும். சொல் முற்றுப்புள்ளியிடமே தங்கிவிட்டது.

“நீங்களும் ஒரு கையெழுத்து போட்டு அடுக்குல வைங்க, உறை எடுத்துட்டு வரேன்” என்று அக்கா வெளியே போனார்.

முற்றுப்புள்ளி கையெழுத்திட்டார். பால்பாயிண்ட் பேனா, காய வேண்டியது எதுவுமே இல்லை. தாளை இரண்டு கையாலும் தூக்கி, குழந்தையின் முகத்தைப் பார்ப்பதுபோல் ஒருமுறை பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு அதன்மேல் மெல்ல ஊதி, அடுக்கில் வைத்தார்.

இதற்கு என்ன சொல் என்று அவர் யாரையும் கேட்கவில்லை.