வெளிச்சத்துக்காகத்தான்

என் மனைவிக்கு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் வேலை. ஆபரேஷனுக்கு வேண்டிய கத்தரி, இடுக்கி எல்லாம் கழுவிக் காய்ந்து அவள் மேஜைக்கு வரும். ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பார்த்து, தட்டில் அடுக்கி, இரட்டைத் துணியில் சுற்றி, நீராவி இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். சுற்றும் முன்பு உள்ளே ஒரு சின்னச் சீட்டு வைப்பார்கள். கட்டியது யார் என்று அதில் இருக்கும். மேலே ஆபரேஷன் தியேட்டரில் பிரிக்கும்போது ஏதாவது குறைந்தால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டும் அல்லவா?

அந்த அறையில் அவளோடு இன்னும் இரண்டு பேர். ஒருவனுக்கு இவள் வைத்த பெயர் தலைவலி. மேஜையைப் பார்த்ததும் அவனுக்குத் தலை வலிக்கும், டீ நேரத்தில் சரியாகிவிடும். இன்னொருத்திக்கு வைத்த பெயர் போன். அவள் தன் அக்காவோடு பேசிக்கொண்டேதான் கட்டுவாள். அக்கா வீட்டில் சண்டை என்றால் அன்றைய தட்டுகளில் கத்தரி குறையும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் எனக்கு இதுதான் தொடுகறி. எங்கள் மேஜையின் ஒரு நீளப் பக்கம் சுவரை ஒட்டியிருக்கும். இரண்டு முனைகளிலும் எதிரும் புதிருமாக உட்காருவோம். அவள் சொல்லச் சொல்ல நான் தலையாட்டுவேன். சாப்பிட்டு முடித்ததும் தட்டை அப்படியே விட்டுவிட்டு டிவி பக்கம் போய்விடுவேன். மிச்சக் கதையை அவள் பாத்திரங்களிடம் சொல்லிக்கொள்வாள்.

நானும் உத்தியோகஸ்தன்தான். தண்ணீர்க் கட்டணத்தில் தகராறு என்று வருகிற மனுக்களைப் பார்க்கும் பிரிவு. எனக்கும் பக்கத்து சீட்டு மேடத்துக்கும் சேர்த்து ஒரே கட்டாக வரும். சுலபமானதை நான் எடுத்துக்கொள்வேன். சிக்கலானதை அவர் பக்கம் தள்ளிவிடுவேன், அவருக்குச் சிக்கல் பிடிக்கும் என்பதால். ஒருநாளும் அவர் முகம் சுளித்ததில்லை. சில மாதங்களுக்கு முன் நாற்காலியைத் திருப்பி, எனக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டேன். "வெளிச்சத்துக்கு சார்" என்றார். பாவம், கண் கொஞ்சம் மங்கல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என்னைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. அவசரப்படாத ஆள், அவ்வளவுதான்.

இந்த வருடம் மனைவியின் பிரிவில் பொறுப்பாளர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு யார் என்று நிர்வாகம் யோசித்தது. நிர்வாகம் யோசித்தால் என்ன ஆகும் என்பது ஊரறிந்த விஷயம். யார் மீது புகார் குறைவோ அவரையே போடுவது என்று முடிவெடுத்தார்கள்.

புகாரே இல்லாத ஒரே ஆள் தலைவலி.

அது எப்படி என்று அவள்தான் எனக்கு விளக்கினாள். சீட்டு உள்ளே இருந்தாலும், கட்டு யாருடையது என்பது வெளியிலிருந்தே தெரிந்துவிடும். இவள் மடித்த மூலை இஸ்திரி போட்ட மாதிரி நிற்கும். தலைவலியின் கட்டு அவிழ்ந்த தலைப்பாகை மாதிரி இருக்கும். தியேட்டர் நர்சுகள் அலமாரிக்குள் கையை விட்டு, துழாவி, இவள் கட்டைத்தான் எடுப்பார்கள். அத்தனையும் பிரிக்கப்படும், அத்தனையும் உடனே திரும்பக் கட்ட வரும். மலைபோல் கட்டினால் எப்போதாவது ஒரு தவறு வரத்தான் செய்யும். இவள் பெயரில் இரண்டு மூன்று புகார்கள் இருந்தன. தலைவலியின் கட்டுகளோ தொடுவாரில்லாமல் அலமாரியிலேயே கிடந்து, தேதி தாண்டி, பிரிக்காமலேயே கீழே திரும்பி வரும்.

"பிரிச்சாத்தானேங்க குறை தெரியும்? அவன் கட்டை ஒருத்தரும் பிரிக்கவே இல்ல" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"வேலை செய்யறவனுக்கு வேலையக் கொடு, செய்யாதவனுக்குப் பதவியக் கொடுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றேன். "நீ ஏன் மாடா உழைக்கிற? நாளையிலேருந்து நீயும் அவன மாதிரியே மெதுவா இரு. உனக்கும் ரெண்டு நாள் தலை வலிக்கட்டும்."

"பதவி போனாப் போகுதுங்க" என்றாள். "காலையில எழுந்து போகவே பிடிக்கல. அதுதான் பயமா இருக்கு. எனக்குப் பிடிச்ச வேலை இது. இந்த ரெண்டு பேரையும் பாத்துப் பாத்து, அது வெறுத்துப் போயிடுமோன்னு இருக்கு."

தட்டை விட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

அவள் என் பேச்சைக் கேட்டுவிட்டாள். கல்யாணமான நாளாக நடக்காத அதிசயம். நேரத்தோடு கிளம்பி நேரத்தோடு வந்தாள். சாப்பாட்டு மேஜையில் புகார் இல்லை, பேச்சே இல்லை. நிம்மதி என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கவனித்தேன், வீட்டுத் துண்டுகளைக்கூட மடிக்காமல் அலமாரியில் திணித்து வைத்திருந்தாள். முன்பெல்லாம் எங்கள் துண்டுகளுக்கும் மூலை நிற்கும்.

அந்த நேரம் பார்த்து என் பித்தப்பையில் கல். அவள் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பச்சை அங்கியைப் போட்டு என்னைப் படுக்க வைத்த பிறகு எனக்குச் சில விஷயங்கள் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தன.

"இன்னிக்கு எனக்குப் பிரிக்கிற கட்டு யாரோடது?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க. கைக்கு எது வருதோ அது."

"உன்னோடத எடுக்கச் சொல்ல முடியாதா?"

"என்னோடது வந்தா மட்டும்? நான்தான் இப்ப மெதுவாக் கட்டறேனே, நீங்க சொன்ன மாதிரி."

"மெதுவான்னுதானே சொன்னேன், மோசமான்னா சொன்னேன்?"

"ரெண்டுக்கும் நடுவுல கோடு எங்க இருக்குன்னு சொல்லாம விட்டுட்டீங்களே" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. நான் எழுந்து உட்காரப் பார்த்தேன். அதற்குள் சக்கரப் படுக்கையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கண் விழித்த பிறகுதான் சொன்னாள். ஆபரேஷனுக்கு முதல் நாளே அலமாரியில் இருந்த வயிற்று ஆபரேஷன் கட்டுகளை எல்லாம் கீழே இறக்கி, யார் கட்டியது என்று பார்க்காமல், ஒன்று விடாமல் பிரித்துத் திரும்பக் கட்டி நீராவிக்கு அனுப்பினாளாம்.

"எனக்காகவா?" என்றேன், கொஞ்சம் நெகிழ்ந்து.

"உங்களுக்காகன்னுதான் முதல் கட்டைப் பிரிச்சேன். அப்புறம் நிறுத்த முடியல. அன்னிக்கு அவங்க ரெண்டு பேரும் லீவு. ரூம்ல நான் மட்டும்தான். எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா?"

மறுநாள் பக்கத்து சீட்டு மேடம் பழங்களோடு என்னைப் பார்க்க வந்தார். மனைவி நாற்காலி போட்டாள். மேடம் நலம் விசாரித்துவிட்டு, "ஆபீசைப் பத்திக் கவலைப்படாதீங்க சார். எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன். எப்பவும் போலத்தானே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரிதான் சொன்னார்.

பழத்தோலை உரித்துக்கொண்டிருந்த என் மனைவியின் கை நின்றது. "எப்பவும் போலன்னா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

"மருந்து மயக்கம். தூங்கிட்டார்" என்றாள் மனைவி. நான் தூங்கும்போது குறட்டை விடுவேன் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். "நீங்க சொல்லுங்கக்கா."

அந்த அம்மாள் சொன்னார். நான் தள்ளிய சிக்கல்களையும், நான் டீக்குப் போய் வந்த நேரங்களையும், மனு கொடுத்தவர்கள் என்னைத் தேடி வந்து கடைசியில் அவரிடம் நின்றதையும். என் எதிரிகூட அவ்வளவு நிதானமாகச் சொல்லியிருக்க மாட்டான்.

"கோவம் வராதாக்கா?"

"வராம? தினமும் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர்கிட்ட சார் புராணம்தான். ஒருநாள் அவர் சொன்னார், இனிமே மூணு தட்டா வெச்சிடு, அவரும்தான் தினம் நம்மகூடச் சாப்பிட வரார்னு."

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். என் தையல் இழுத்தது.

"அன்னிக்குத்தான் யோசிச்சேன்மா. வேலை எனக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சு. ஆனா வேலையப் பாத்த நேரத்தவிட, சார் வேலை செய்யறாரா இல்லையான்னு பாத்த நேரம்தான் அதிகம். மறுநாளே நாற்காலியத் திருப்பிப் போட்டுட்டேன். இப்ப அவர் வந்தாரா போனாரா, எனக்குத் தெரியாது. என் கைக்கு வந்த மனுவை நான் பாட்டுக்குப் பாக்கறேன். அந்த வாரத்துலயே எனக்கு ஒழுங்காப் பசிக்க ஆரம்பிச்சுது."

"வெளிச்சத்துக்குன்னு இவர் வீட்ல சொன்னாரே?"

"சார் கேட்டார். வேற என்னத்தைச் சொல்றது?"

மனைவி உரித்த பழத்தை அவரிடம் நீட்டினாள். பிறகு, "நான் திருப்பிப் போட்டா ஜன்னல் இல்லக்கா. அடித்தளம். வெறும் சுவர்தான்" என்றாள்.

"சுவர் பரவாயில்லமா. சுவர் டீ குடிக்கப் போகாது."

இரண்டு பேரும் என் படுக்கைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்து சிரித்தார்கள். நடுவில் நான், ஆபரேஷனில் எடுத்த கல்லைப் போலக் கிடந்தேன். வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபத்தைக் காட்ட வேண்டுமென்றால் கண்ணைத் திறக்க வேண்டும்.

அவள் தன் மேஜையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள் என்று பிறகு தெரிந்தது. தலைவலி பொறுப்பாளராகிக் கண்ணாடி அறைக்குள் போய்விட்டான். இனி அவன் கட்டு கட்ட வேண்டியதில்லை என்பதால் அலமாரிக்கு லாபம்தான். போன் இன்னும் அக்காவோடு பேசிக்கொண்டிருக்கிறாளாம். அக்கா வீட்டில் என்ன நடக்கிறது என்று மனைவிக்கு இப்போதெல்லாம் தெரியாது.

நான் வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம், துவாலை எடுக்க அலமாரியைத் திறந்தேன். துண்டுகளின் மூலைகள் நின்றுகொண்டிருந்தன. எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அவளிடம் சொல்ல வேண்டும் என்று சாப்பாட்டு மேஜைக்குப் போனேன்.

அவள் எனக்கு எதிரில் இருந்த தன் நாற்காலியைத் தூக்கி, மேஜையின் நீளப் பக்கத்தில், சுவரைப் பார்த்த மாதிரி போட்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பிட ஆரம்பித்திருந்தாள்.

"என்ன இது?" என்றேன்.

"வெளிச்சத்துக்கு" என்றாள்.

விளக்கு எங்கள் மேஜைக்கு நடுவில்தான் தொங்குகிறது. சுவரில் ஒரு ஆணிகூடக் கிடையாது. எனக்குச் சுருக்கென்றது. உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்து, தட்டை எடுத்துக்கொண்டு போய் நானே கழுவினேன். வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.