எச்சில் துணியும் தேன்மெழுகும்

பல் டாக்டருக்கு உலகத்தில் பிடிக்காதவை ஏராளம். அதில் எச்சிலுக்கு இரண்டாம் இடம். முதலிடத்தைச் சகலைக்கு ஒதுக்கி வைத்திருந்தார். வாரம் முழுக்க ஊரார் எச்சிலில் கையை விட்டுப் பிழைக்கிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமையும் அதையே பார்க்க வேண்டி வந்தால் என்னதான் செய்வார்?

துப்பாக்கி கிளப்பின் கொட்டகையில் சகலை அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். குழல் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, குண்டைத் துணித்துண்டில் சுற்றிக் கம்பியால் இடித்து இறக்குகிற பழைய ரகத் துப்பாக்கி அது. துணி வழுக்கிக்கொண்டு போக ஏதாவது மசகு வேண்டும். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டான சகலை துணியை வாயில் போட்டு, மாடு அசைபோடுவதுபோல் மென்று, சொட்டச் சொட்ட எடுத்து வைத்தார்.

துப்பாக்கி மாமனாருடையது. அவருக்குக் கண் மங்கிவிட்டது. மாப்பிள்ளைகள் இரண்டு, துப்பாக்கி ஒன்று.

"ஆளுக்கு ஒரே தடவை. யாரு நடுவுக்குக் கிட்டச் சுடுறாரோ எடுத்துக்கட்டும். ரெண்டா அறுத்தா குடுக்க முடியும்?" என்று மடக்கு நாற்காலியிலிருந்து தீர்ப்பு சொல்லியிருந்தார்.

டாக்டர் அதன்மேல் கண் வைத்தது பெண் பார்க்கப் போன அன்றைக்கே. பெண்ணை நிமிர்ந்து பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னார் என்று அவர் மனைவி இன்றுவரை சாதிக்கிறாள்.

சகலை சுட்டார். புகை கலைய ஒரு யுகம் ஆயிற்று. குறிக் காகிதத்தின் ஓரத்தில், வெளியே போய்விடலாமா என்று யோசித்த மாதிரி ஓர் ஓட்டை.

"பட்டுச்சுல்ல" என்றார் சகலை.

"நீங்க எங்க பட வச்சீங்க? காகிதம் பாவப்பட்டுக் குறுக்க வந்துச்சு." டாக்டர் துப்பாக்கியைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் வாங்கினார். "மொதல்ல உங்க வாயை இதுக்குள்ளேர்ந்து கழுவணும்."

ஸ்பிரிட், பெராக்சைடு, சோப்புத் தண்ணீர் மூன்றையும் சரிசமமாகக் கலந்த பாட்டிலைத் திறந்தார். கிணற்றைத் தூர் வாருவதுபோல் குழலைத் தூர் வாரினார். முதல் துணி அடுப்புக்கரியாக வந்தது. கடைசித் துணியில் கல்யாணச் சட்டையே தைக்கலாம்.

பிறகு மசகு டப்பா வந்தது.

"தேன்மெழுகு, ஆட்டுக்கொழுப்பு, விளக்கெண்ணெய். மூணு மாசம் எங்க வீட்டு அடுப்புல காய்ச்சினது."

"தெரியுமே. அந்த மூணு மாசமும் உங்க வீட்டம்மா எங்க வீட்லதான சாப்ட்டாங்க."

"சில மடையனுங்க மெஷின் ஆயிலப் போடுவானுங்க. அது கரியோட சேந்து தாரா ஒட்டிக்கும். ஆனா ஒண்ணு சகலை, மெஷின் ஆயிலுக்கு வாய் நாத்தம் கிடையாது."

பேசிக்கொண்டே துணியில் மசகைத் தடவினார், குண்டைச் சுற்றினார், கம்பியால் அழுத்தினார். குண்டு வழுக்கிக்கொண்டு அடிவரை போனது. "பாத்தீங்களா, எப்படிப் போகுது பாருங்க" என்று கொட்டகை முழுக்கப் பெருமையோடு சுற்றிப் பார்த்தார். மருந்தைப் பற்றவைக்கிற பொட்டு வெடி கேப்பை மாட்டிக் குறி பார்த்தார். நடுப்புள்ளி நடுங்கியிருக்கும், அப்படி ஒரு பார்வை.

டொக்.

கேப் மட்டும்தான் வெடித்தது. இன்னொன்று மாட்டினார். மறுபடியும் டொக்.

"பெரிய மாப்ள," என்றார் மாமனார். "கம்பிய உள்ள விட்டுப் பாருங்க."

மருந்தும் குண்டும் சேர்ந்து உட்கார்ந்தால் குழல் வாய்க்கு நேராக நிற்க வேண்டும் என்று மாமனார் கம்பியில் ஒரு கோடு கீறி வைத்திருந்தார். கோடு உள்ளே முங்கிக் காணாமல் போயிருந்தது.

"மருந்து போட்டீங்களா?"

மருந்துக் குப்பி மூடி திறக்காமல் சகலையின் முழங்கைப் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"நீங்க பாத்தீங்களா?" என்றார் டாக்டர், பல்லைக் கடித்து.

"பாத்தேன் சகலை. அவ்ளோ பெரிய ஆராய்ச்சி ஓடுது, நடுவுல பேசினா மரியாதையில்லன்னு இருந்துட்டேன்."

திருகாணி வைத்த கம்பியைக் குண்டில் இறக்கி, சகலை துப்பாக்கிக் கட்டையைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் இழுத்தார். ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

"எவ்ளோ லேசா வந்துச்சு பாருங்க மாமா. என் மசகுல ஒரு குத்தம் சொல்ல முடியாது."

"நான் எங்க சொன்னேன்?" மாமனார் எழுந்தார். "ஒரு தடவைன்னா ஒரு தடவைதான். சின்ன மாப்ள, எடுத்துக்குங்க."

சகலை துப்பாக்கியை மண்வெட்டி மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டார். "கழுவுறதுக்கு மட்டும் உங்ககிட்டக் கொண்டாரட்டுமா? எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது."

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். சொத்தைப் பல்லைக்கூட அவ்வளவு கேவலமாகப் பார்த்ததில்லை. டப்பாவை மூடினார், பாட்டிலை மூடினார், பெட்டியை அடித்துச் சாத்தினார். நாலு எட்டு நடந்து போய் நின்று, திரும்பாமலே கேட்டார்:

"எந்தக் கிழமை கொண்டாருவீங்க?"